அலுவிகாரைச் சுவடியும் சாராயத் தவறணையும்: மாத்தளைப் பெருந்தோட்டப் பகுதியின் போதை வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், பாரிய கற்பாறைகளுக்கிடையே அமைந்துள்ளது அலுவிகாரை. வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மகாவம்சம் தரும் செய்தி. எழுதப்பெற்ற இடத்தை மகாவம்சம் பெயர் சுட்டிக் கூறவில்லை. பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்த நிகாய சங்கிரகமே அதனை மாத்தளையின் அலுவிகாரையோடு இணைக்கின்றது. தென்னிந்தியப் படையெடுப்பும் பெரும் பஞ்சமும் மனனஞ் செய்தோரையே அழித்துவிடக்கூடும் என்ற அச்சத்தின் விளைவே இவ்வெழுத்து முயற்சி என்பர். இங்கிருந்த பழஞ்சுவடிகள் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்துபட்டன என்பது வழங்கிவரும் செய்தியாகும்.

இதே தெருவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையிற் கால்வைத்த கூலித் தொழிலாளர் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாகவே மாத்தளையை வந்தடைந்தனர். பேதியும் காய்ச்சலும் பலரைக் காட்டுவழியிலேயே விழுத்தின. எஞ்சியோர் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்படுமுன் இறுதியாகக் கடந்து சென்ற பழம்பெரும் தலங்களுள் ஒன்று அலுவிகாரை. அவர்களைக் கங்காணியும் கடனும் தவறணையும் தோட்டத்தில் எதிர்நோக்கியிருந்தன.

‘தோட்டத்துக்காரர் குடிகாரர்’ என்னும் கூற்று துரைமாரின் நாட்குறிப்புகளில் தொடங்கி, இன்றைய நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினரின் பேச்சுவரை இடையறாது வந்துகொண்டிருக்கின்றது. போதைப் பழக்கம் உடலையும் வாழ்வையும் சிதைப்பது என்பதில் ஐயமில்லை. அச்சிதைவு ஓர் இனத்தின் அல்லது வர்க்கத்தின் இயல்பான இழுக்கமாக எவ்வாறு சித்திரிக்கப்பட்டது, அதனால் இலாபமடைந்தோர் யாவர் என்பனவே நாம் இங்கு நோக்க முற்படுபவை. இதற்கு அலுவிகாரைச் சுவடியிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

திரிபிடகத்தின் தீக நிகாயத்தில் சிகாலோவாத சுத்தம் என ஒரு பகுதியுண்டு. சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞனுக்குப் புத்தர் கூறிய அறிவுரையாக அது அமைகின்றது. மதுவினால் விளையும் ஆறு கேடுகள் அங்கு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. கைப்பொருள் அழிதல் முதலாவது. சச்சரவு பெருகுதல் அடுத்தது. உடல் நோய்க்கு உறைவிடமாதல், நற்பெயர் கெடுதல், நாணம் நீங்குதல், அறிவு மழுங்குதல் என்பன ஏனையவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்பட்டியலுடன் இன்றைய மருத்துவம் அதிகம் முரண்படப் போவதில்லை. ஈரல் கெட்டு இறுகுதல், வயிற்றுப்புண், நரம்புத் தளர்ச்சி, நினைவிழப்பு, சில புற்றுநோய்கள் என விரிவாகச் சொல்லும், அவ்வளவே.

எனினும் பட்டியலின் தலையிற் பொருளிழப்பு நிற்பது மனங்கொள்ளத்தக்கது. சிகாலன் கிருகபதி மகன், சொத்துடையவன். வாணிகமும் நகரமும் எழுச்சியுற்ற கங்கைச் சமவெளியில், சேர்த்த பொருளைக் காத்துப் பெருக்க விழைந்த ஒரு பகுதியினரின் ஒழுக்கநெறி இது. தமிழிலும் இதற்கு இணையான நிலையைக் காணலாம். சான்றோர் செய்யுட்களில் குறுநிலத் தலைவன் பாணர்க்கும் மறவர்க்கும் கள் வழங்குவது அவனது கொடைச் சிறப்பு; க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வு அச்சமுதாயத்தின் இயல்பை விளக்குகின்றது. திருக்குறளிலோ கள்ளுண்ணாமை வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில், அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலில் வைக்கப்பட்டுள்ளது. சிகாலனுக்கான உரையிலும் மதுவும் சூதும் பொருள் கரையும் வாயில்களாகவே ஒருங்கு எண்ணப்படுகின்றன. கரைவதற்குப் பொருளில்லாதவன் ஏன் குடிக்கின்றான் என்னும் வினா இரு நூல்களுக்கும் எழவில்லை. அவற்றின் காலத்தில் அது எழவேண்டிய வினாவுமன்று.

ஆயின் சிகாலோவாதம் அத்துடன் முடியவில்லை. அதே உரையின் பிற்பகுதியில், எசமானன் தன் பணியாளருக்கு ஆற்றவேண்டிய கடமைகள் ஐந்து கூறப்படுகின்றன. வலுவுக்கேற்ற வேலை தரல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்றபோது பேணல், சுவையானவற்றைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல் என்பன அவை. சுரண்டலற்ற சமுதாயக் கனவு இதிலில்லை; எசமானன் எசமானனாகவே இருக்கின்றான். எனினும் குடியின் கேட்டையும் உழைப்பாளியின் ஓய்வையும் ஓரே உரையில் வைத்துப் பேசியதொரு மரபு இந்நிலத்தில் இருந்தது. பின்வந்தோர் அதன் முதற்பகுதியை மேடைதோறும் முழங்கினர், பிற்பகுதியை மறந்தனர். இம்மறதிக்கும் ஒரு பொருளாதார வரலாறு உண்டு.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், அம்மக்கள் வெறிகொள்ளலைப் பெரிதும் வெறுப்பர் என எழுதியுள்ளார். குடி அறவே இல்லாதிருந்தது என்பது இதன் பொருளன்று. மலைநாட்டில் கித்துள் மரம் இருந்தது, கள்ளும் இருந்தது. ஆனால் வடித்தெடுத்த தென்னஞ்சாராயம் கரையோரப் பண்டம். அது மலைநாட்டில் நாள்தோறும் விற்கப்படும் சரக்காவதற்குத் தெருவும் வண்டியும் காசாகக் கூலி பெறும் மனிதக் கூட்டமும் தேவைப்பட்டன. மூன்றையும் கோப்பிப் பயிர்ச்செய்கை ஒருங்கே கொணர்ந்தது.

ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்கியிருந்த சாராயக் குத்தகை முறையை ஆங்கிலேயர் விரிவுபடுத்தினர். ஒரு மாவட்டத்தில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்படும். கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரர். அவர் தவறணைகளை மேலும் சிறு குத்தகைகளாகப் பிரித்துவிடுவார். அரசுக்கு வேண்டிய பணம் ஏலத்திலேயே உறுதியாகிவிடும். குடிப்போரைத் தேடிப் பிடிப்பது குத்தகைக்காரரின் பொறுப்பு. தண்ணீர் கலப்பது சிறு குத்தகையாளரின் சாமர்த்தியம். ஏலத்தொகை உயருந்தோறும் விற்பனையும் உயர்ந்தாக வேண்டும். தோட்டங்களை நோக்கித் தவறணைகள் நகர்ந்தமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இக்குத்தகையே இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத் திரட்சிக்கு முதன்மையான ஊற்றாயிற்று என்பதை மைக்கேல் றொபேட்ஸ், குமாரி ஜயவர்த்தனா ஆகியோரின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் சொய்சா சாராயத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஹங்குரங்கெத்தையில் நிலம் வாங்கிக் கோப்பி பயிரிட்டமை இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. தொழிலாளியின் கூலி தவறணையில் சாராயமாகின்றது, சாராயம் குத்தகைக்காரரின் இலாபமாகின்றது, இலாபம் தோட்டமாகின்றது, தோட்டம் மீண்டும் தொழிலாளியை அமர்த்துகின்றது. இவ்வட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் பங்கு பெற்ற அரசு, குடியைப் பற்றி அறிவுரை கூறவும் தவறவில்லை.

வட்டத்தின் நடுவே நின்ற உடல் எத்தகையது? கோப்பிக் காலத்தில் சம்பளம் மாதக்கணக்கிற் பிந்தியே கொடுபட்டது. வழிச்செலவும் முற்பணமும் அரிசிக் கணக்கும் கங்காணியிடம் கடனாக ஏறின. கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் போகவியலாத துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மழையிலும் மலைக்குளிரிலும் அரைவயிற்றுடன் நிற்பவனுக்குச் சாராயம் உடலைச் சூடாக்கும் என்ற நம்பிக்கை இயல்பானது. உண்மை இதற்கு மாறானது: மது தோலருகேயுள்ள குருதிக் குழாய்களை விரிவடையச் செய்கின்றது. சூடேறியதுபோல் தோன்றும், உடலின் உள்வெப்பமோ விரைவாக வெளியேறும். குளிருக்கு மருந்தென அருந்தியது குளிருக்கே உடலை ஒப்புக்கொடுத்தது.

இவ்விடத்தில் மாத்தளைக்கே உரிய ஒரு செய்தியை விரித்துக் கூறுதல் வேண்டும். றொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை 1916இல் தொடங்கியபோது, முதலிற் களமாகத் தேர்ந்தது மாத்தளை மாவட்டத்தையே. பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையினரின் குடலில் இப்புழு இருந்தது. மலகூடமில்லாத லயன்களைச் சூழ்ந்த ஈரமண்ணிலிருந்து, செருப்பில்லாத பாதத்தின் தோலைத் துளைத்து உடலிற் புகும் இப்புழு, குடற்சுவரைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றது. இரத்தசோகை, மூச்சிரைப்பு, ஓயாத களைப்பு என்பன அதன் விளைவுகள். ‘சோம்பேறிகள்’ எனத் துரைமார் அலுத்துக்கொண்டவர்களின் சோம்பலில் ஒரு பகுதி புழுவினுடையது. களைத்த உடலுக்குக் கிடைத்த ஒரே மலிவான ஊக்கி தவறணையில் இருந்தது. அதுவும் உணவுக்குரிய காசை விழுங்கி இரத்தசோகையை மேலும் ஆழப்படுத்தியது. நோயும் குடியும் ஒன்றையொன்று வளர்த்தன. மலகூடம் கட்டுவதற்குச் செலவிட மறுத்தவர்கள் குடியைப் பற்றி எழுதுவதற்கு மையை மட்டும் தாராளமாகச் செலவிட்டனர்.

போதையும் உழைப்பும் இவ்வாறு பிணைக்கப்பட்டமை இலங்கைக்குத் தனித்துவமானதன்று. வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்த அபினைச் சீனாவின்மீது திணிப்பதற்கு இருமுறை போர் தொடுத்த பேரரசுதான் இங்கும் ஆண்டது. அசாமிலே, மக்கள் தாமே கசகசாச் செடி பயிரிடுவதை அரசு தடைசெய்தது. அபின் விற்பனையை நிறுத்தவில்லை. தனது கருவூலத்து அபினையே காசு கொடுத்து வாங்கச் செய்தது. காசு வேண்டுமெனில் கூலிவேலைக்கு வரவேண்டும் என்பது தோட்ட முதலாளிகளின் கணக்கு. 1861இல் புலகுரி விவசாயிகள் கிளர்ந்தெழுந்தமைக்கு இத்தடையும் புதிய வரிகள் பற்றிய அச்சமும் காரணங்கள் என்பதை அமலேந்து குகா விளக்கியுள்ளார். போதையைத் தடைசெய்வதும் போதையை விற்பதும் எதிரெதிர்ச் செயல்கள் என எண்ணுவோர் அசாமின் வரலாற்றை ஊன்றிப் படித்தல் தகும்.

இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் 1904இலும், பின்னர் 1912இன் மதுவரிச் சீர்திருத்தம் கள்ளுத் தவறணைகளைப் பெருக்கியபோதும் வலுப்பெற்றது. அநகாரிக தர்மபாலா, டி.பி. ஜயதிலக, எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க முதலியோர் அதன் மேடைகளிற் பிரபலமாயினர். குடியேற்றவாத அரசின் வருவாயைத் தாக்கியது என்ற வகையில் அவ்வியக்கத்திற்கு முற்போக்கான ஓர் அம்சம் இருந்தது. 1915 கலவரத்தையடுத்து அரசு அதன் தலைவர்களைச் சிறையிலிட்டமை அரசின் அச்சத்தைக் காட்டுகின்றது. ஆயினும் சாராயக் குத்தகையால் எழுந்த குடும்பங்களின் பிள்ளைகளே மதுவிலக்குப் பேசிய முரணை ஜயவர்த்தனா சுட்டிக் காட்டுகின்றார். அவர்கள் பேசியது ஐந்தாம் சீலத்தை. சிகாலோவாதத்தின் ஐந்து கடமைகளைப் பேசியிருப்பின் தம் தோட்டங்களில் கூலியும் ஓய்வும் மருந்தும் பற்றிப் பேசவேண்டி வந்திருக்கும். மேலும், பௌத்த மறுமலர்ச்சியின் மொழியிலமைந்த அவ்வியக்கம் சைவ, கத்தோலிக்கத் தமிழ்த் தொழிலாளரை விளித்துப் பேசவில்லை. அம்மறுமலர்ச்சி இனப்பகைமையிலிருந்து முற்றிலும் விலகியிருந்ததென்றும் கூறவியலாது. அந்நியர் கொணர்ந்த சாராயம் என்ற பேச்சும் அந்நியர் கொணர்ந்த கூலிகள் என்ற பேச்சும் ஒரே நாவில் தங்கக்கூடியனவே.

மதுவிலக்கு பூர்ஷ்வா ஒழுக்கவாதம் என்ற முடிவுக்கு வந்து, இக்கட்டுரையை இவ்விடத்தில் நிறுத்திவிடுவது நமக்கு எளிது. முற்போக்காளராகிய நாம் பலகாலம் அவ்வாறே நிறுத்தி வந்திருக்கின்றோம். குடி சுரண்டலின் விளைவு, சுரண்டல் ஒழிந்தால் குடியும் ஒழியும் என்று கூறி அடுத்த விடயத்துக்குச் சென்றோம். இது தவறான நிலைப்பாடு. விளைவாகத் தோன்றிய ஒன்று காரணமாகவும் தொழிற்படும் என்பது இயங்கியலின் அரிச்சுவடி. குடித்து வீழ்ந்தவனால் வேலைநிறுத்தத்தில் நிற்க முடியாது. கடனாளியால் கங்காணியை எதிர்க்க முடியாது. இவற்றினும் பாரதூரமானது, நமது ஆய்வுகளில் ‘தொழிலாளி’ என்ற சொல் பெரும்பாலும் ஆணையே குறித்து வந்தமை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்தைக் கணவனிடமே கையளிக்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியதை றேச்சல் குரியன் தமது 1982ஆம் ஆண்டு ஆய்வில் எடுத்துரைத்துள்ளார். ஆண், பெண் சம்பளம் சமமாக்கப்பட்டதே 1984இல்தான். பகல் முழுதும் மலைச்சரிவில் நின்று அவள் உழைத்த கூலி, அவள் கைக்கு எட்டாமலே தவறணைக்குச் சென்றது. எஞ்சியது இரவில் அடியாக வீடு திரும்பியது. இவ்வடியை ‘மேற்கட்டுமானப் பிரச்சினை’ என ஒதுக்கிய கட்டுரைகள் நம்மிடையே உண்டு; இவ்வரிகளை எழுதும் நாமும் அக்குற்றத்திலிருந்து விலக்கானவரல்லோம்.

தொழிலாளர் தாமே இவ்விடயத்தை எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு மலாயாத் தமிழரின் வரலாறு பாடமாக அமைகின்றது. அங்கு இறப்பர்த் தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடைகள் நடைபெற்றன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைக் கவனிப்போம். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற நியதியை நீக்கல் என்பவற்றுடன், கள்ளுக்கடைகளை மூடுதல் என்பதும் அப்பட்டியலில் இருந்தது. கூலி உயர்வும் தன்மானமும் கள்ளுக்கடை மூடலும் அவர்களுக்கு ஒரே போராட்டத்தின் கூறுகள். ஆர்.எச். நாதன் கைதுசெய்யப்பட்டார், படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கள்ளுக்கடை மூடப்படுவதைத் தோட்ட முதலாளித்துவம் எவ்வளவு பெரிய ஆபத்தாகக் கருதியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அரை நூற்றாண்டின் பின், 1992இல், ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலுள்ள தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடச் செய்தனர். அடுத்த ஆண்டிலேயே அம்மாநில அரசு சாராய விற்பனையைத் தடைசெய்ய நேர்ந்தது. ஒழுக்க உரை கேட்டு எழுந்த இயக்கங்கள் அல்ல இவை. கூலியின் கணக்கை அறிந்தோர் எழுப்பியவை.

மாத்தளைக்கு மீள்வோம். கோப்பி நோயால் அழிந்தது. கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் வந்தன. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. உரிமம் பெற்ற மதுக்கடை ஒருபுறமிருக்க, அதன் விலைக்கு எட்டாதவர்களைக் கசிப்பு பிடித்துக்கொண்டது. அளவும் தரமும் அற்ற இவ்வடிப்பில் மெதயில் அற்ககோல் கலக்குமாயின், அது உடலிற் போர்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். கண்போகும், உயிரும் போகும். 2024 யூன் மாதத்திற் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது இந்நஞ்சினாலேயே. இறந்தோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள்.

1980களில் ஹெரோயினும் அண்மைக் காலத்தில் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமினும் நாட்டிற் பரவின. ஹெரோயின் மூச்சை அடக்குகின்றது. உடல் அதற்குப் பழகிய பின் இன்பத்துக்காக அன்றி, விட்டால் வரும் வேதனையைத் தவிர்ப்பதற்காகவே நாடப்படுகின்றது. மெதம்பெற்றமினோ உறக்கத்தையும் பசியையும் விரட்டுகின்றது, இருதயத்தை விரைவுபடுத்துகின்றது, நீடித்தால் இல்லாத குரல்களைக் கேட்கச் செய்கின்றது. ஓய்வின்றி உழைக்க நிர்ப்பந்திக்கப்பட்ட இளைஞரைப் பசியையும் உறக்கத்தையும் மறக்கச் செய்யும் பொருள் கவர்வதில் வியப்பில்லை. சிகாலனுக்குக் கூறப்பட்ட ஐந்தாவது கடமை ஓய்வைப் பற்றியதென்பதை வாசகர் நினைவுகூர்வர்.

அரசின் மறுமொழி சட்டமே. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் 1984இல் திருத்தப்பட்டு மரணதண்டனை சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் சட்டவாக்கம் பெற்றது. 2022இன் திருத்தம் மெதம்பெற்றமினையும் உள்ளடக்கியது. 2023 டிசெம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் தொடங்கிய பொலிஸ் நடவடிக்கையில் பல்லாயிரவர் கைதாகினர். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் அதனைக் கண்டித்தனர். பிடிபடுபவரிற் பெரும்பகுதியினர் சிறு விற்பனையாளரும் நோயாளியான பாவனையாளருமே. சட்டபூர்வமான மதுவின் வரியோ இன்றும் திறைசேரியின் நம்பிக்கைக்குரிய வருவாய்களுள் ஒன்று. பழைய குத்தகை ஏலத்தின் தருக்கம் பெயர் மாறி வாழ்கின்றது. மதுவரி குறைந்தால் வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழும். லயன் அறையிற் கிடக்கும் ஈரல் நோயாளிக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை.

இன்று அலுவிகாரைக்குச் செல்வோருக்குப் பனையோலையில் எழுத்தாணியாற் கீறி, கரிமை பூசி, எழுத்துத் துலங்கச் செய்யும் முறை காட்டப்படுகின்றது. அழிந்த சுவடிகளுக்கு ஈடாகத் திரிபிடகத்தை மீண்டும் ஓலையில் எழுதும் பணி அங்கு நடைபெற்றுள்ளது. வெளியே தெருவின் இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். உல்லாசப் பயணிகளுக்கு ஏலமும் கறுவாவும் அறிமுகஞ் செய்யப்படுகின்றன. அத்தெருவழியே நடந்து வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் அதற்கப்பாலுள்ள மலைச்சரிவுகளில் இன்னும் லயன்களிற் குடியிருக்கின்றனர். நாட்கூலியை உயர்த்தக்கோரி அவர்கள் நடத்தும் கூட்டங்களில் கசிப்பை ஒழிக்கும் கோரிக்கையைப் பெண்கள் முன்வைக்கும்போது, அதனை நிகழ்ச்சிநிரலின் கடைசி விடயமாக ஒத்திவைக்கும் வழக்கத்தைத் தொழிற்சங்கத் தலைமைகள் இனியாவது கைவிடுமா என்பதே நம்முன்னுள்ள வினா.